கதவடியில் ஒரு பை: கடலோரக் குடும்பங்கள் தோளில் எதைச் சுமப்பது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி தினம், பாடசாலை விடுமுறைக் காலம். மருதமுனையில் எங்கள் வீட்டில் அன்று காலை ஒரு பை தயாராக இருந்தது. குடும்பமாக அறுகம்பைக்குப் போய்வர வேண்டும் என்று உம்மா முதல்நாள் இரவே அதை அடுக்கி வைத்திருந்தார். மாற்றுடுப்புகள், துவாய்கள், பிஸ்கட், ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, ஒற்றைப் பட்டி வைத்த பெரிய பயணப்பை அது.

"கடல் வருகுது" என்று வீதியில் சத்தம் கேட்டபோது உம்மா எடுத்தது அந்தப் பையைத்தான். கையில் அகப்பட்டது அதுதான். முதல் ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் பட்டி மூன்று தடவை தோளிலிருந்து வழுக்கியது. இரண்டாவது ஒழுங்கையில் தங்கச்சியைத் தூக்க வேண்டியிருந்தது. பை மணலில் கிடந்தது. நாங்கள் ஓடித் தப்பினோம்.

எனக்கு அப்போது 12 வயது. அந்தப் பை போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலை பிறகு வந்தது. அலுமாரியில் இருந்த பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வாப்பாவின் அடையாள அட்டை, மூத்தம்மாவின் கிளினிக் கொப்பி எல்லாம் கடலோடு போயிருந்தன. நிவாரணப் பதிவு, பாடசாலை அனுமதி, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு வரிசையிலும் முதல் கேள்வி, "என்ன ஆவணம் இருக்கிறது?" என்பதாகவே இருந்தது. துவாய்களுக்குப் பதிலாக அந்தக் கடதாசிகள், ஒற்றைப் பட்டிக்குப் பதிலாக இரட்டைப் பட்டி. இவ்வளவுதான் வித்தியாசம். அது எங்கள் வீட்டுக்குப் பல வருட அலைச்சலாக முடிந்தது.

ஒரு பையை எப்படித் தெரிவு செய்வது என்பது சுற்றுலா போகிறவர்களின் கேள்வி போலத் தெரியும். நமது கரையில் அது வேறு விதமான கேள்வியாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இந்தக் கரையில் ஒரு பை தேவை?

சுனாமியில் இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களில் அதிக உயிரிழப்பு அம்பாறையில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். காரணம் நிலத்தின் அமைப்பைப் பார்த்தாலே புரியும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய பட்டியாகக் கிடக்கின்றன. வீடுகள் நெருக்கமானவை. ஏறி நிற்க ஒரு குன்றும் இல்லை. மேற்கே போனால் வயலும் சதுப்பும். அவற்றைக் கடக்க இருப்பவை சில வீதிகளே.

சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டது அன்று இலங்கை நேரப்படி காலை 6.58 மணிக்கு. அலை கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் நமக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. கரையோரம் முழுவதும் 77 முன்னெச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. 117 என்ற அவசர இலக்கம் உண்டு. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது, கிழக்கில் மக்கள் வெளியேறினார்கள். நல்லவேளை அலை வரவில்லை.

அடுத்த தடவை எச்சரிக்கை வந்தால் நமக்குக் கிடைக்கப்போவது அதிகபட்சம் ஒரு மணித்தியாலம் சொச்சம். அதில் அலுமாரியைத் திறந்து தேடுவதற்கு நேரம் ஒதுக்கக் கூடாது.

கடல் மட்டுமல்ல. ஒவ்வொரு மாரியிலும் கிட்டங்கி வீதி நீரில் மூழ்குவதை நாம் பார்க்கிறோம். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்கள் உயிரிழந்தனர். வெள்ளம் பாயும் வீதியைக் கடக்காமல் முன்கூட்டியே வெளியேறுவதற்கும், வெளியேறிய இடத்தில் ஓரிரு நாட்கள் தங்கியிருப்பதற்கும் கையில் ஒரு பை இருந்தால் மனம் துணியும்.

போரை அனுபவித்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990 இல் வீரமுனைத் தமிழர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாண நகரத்தில் இருந்தோருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். 2009 இல் வன்னியில் சனங்கள் இடம்விட்டு இடம் ஓடும்போது ஒவ்வொரு இடத்திலும் பாரத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசிவரை கையில் இருந்தது பெரும்பாலும் பிள்ளையும் ஒரு சொப்பிங் பேக்கும்தான். எதைச் சுமப்பது, எதை விடுவது என்று நமது மக்கள் பயத்தின் நடுவில், சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவை அமைதியான ஒரு பின்னேரத்தில் முன்கூட்டியே எடுத்து வைப்பதுதான் இந்தப் பை.

எந்த வகைப் பை?

ஓட வேண்டி வரும்போது இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு கை பிள்ளைக்கு, மற்றது முதியவருக்கு அல்லது மதிலைப் பிடிப்பதற்கு. இந்த ஒரு விதியை வைத்துப் பார்த்தால் தெரிவு சுலபமாகிவிடும்.

சில்லுப் பை விமான நிலையத்துக்கு நல்லது. மணல் ஒழுங்கையிலும் வெள்ளத்திலும் அதை இழுக்க முடியாது. தூக்கினால் வெறும் பையே மூன்று, நான்கு கிலோ வரும்.

ஒற்றைப் பட்டிப் பயணப்பை வழுக்கும். உடலை ஒரு பக்கம் சாய்க்கும். எங்கள் உம்மாவின் கதை அதுதான்.

குறுக்காகப் போடும் தோள்பை சிறிய பாரத்துக்கு நல்லது. ஒன்றரைக் கிலோ வரை சிரமமில்லை. அதற்கு மேல் போனால் ஓடும்போது இடுப்பில் அடித்துக்கொண்டே இருக்கும். ஆவணங்களையும் மருந்தையும் மட்டும் சுமக்கப்போகும் முதியவருக்கு இது பொருந்தும்.

கயிறு இழுத்து மூடும் மெல்லிய பை மலிவு. ஆனால் கயிறு தோளை வெட்டும். ஒரு மணி நேரம் நடந்தால் தெரியும்.

இரட்டைப் பட்டி முதுகுப்பை, அதாவது பிள்ளைகளின் புத்தகப்பை வடிவம்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. பாரம் இரண்டு தோள்களிலும் பகிரும். கைகள் சும்மா இருக்கும். புதிதாக வாங்கவும் தேவையில்லை. பிள்ளை ஒரு வருடம் பாவித்துவிட்டுக் கைவிட்ட பை தையல் உறுதியாக இருந்தால் போதும். இருபது முதல் இருபத்தைந்து லீற்றர் கொள்ளளவு ஒருவருக்குத் தாராளம். அதைவிடப் பெரிதாக வாங்கினால் இடம் இருக்கிறது என்பதற்காகவே பொருட்களை நிரப்பிவிடுவோம்.

எவ்வளவு பாரம் தாங்கும்?

பிள்ளைகளின் புத்தகப்பை உடல் எடையில் பத்து முதல் பதினைந்து வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஆறு முதல் ஒன்பது கிலோ. ஓடுவதாக இருந்தால் ஆறுக்குள் நிற்பது நல்லது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மூன்று கிலோ. கைக்குழந்தையைத் தூக்கப்போகும் தாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிள்ளையே பத்து, பன்னிரண்டு கிலோ. அவருடைய பை இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது.

பாரத்தைக் கூட்டுவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. மூன்று நாளுக்குத் தேவையான தண்ணீரை ஒருவர் சுமக்க முயன்றால் அதுவே ஒன்பது கிலோவுக்கு மேல் வரும். எனவே ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தல் போதும். மிகுதியைப் போகுமிடத்தில் தேடலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு: தண்ணீர் ஒரு கிலோ, ஒரு மாற்றுடுப்பும் மெல்லிய சாரமும் ஒரு கிலோ, ஆவணக் கோவை அரைக் கிலோ, மருந்தும் முதலுதவியும் அரைக் கிலோ, டோர்ச், பவர் பேங்க், சார்ஜர் அரைக் கிலோ, பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் அரைக் கிலோ. பையின் எடை அரை முதல் முக்கால் கிலோ. மொத்தம் ஐந்து கிலோவுக்குள் நிற்கிறது. வீட்டில் தராசு இல்லாவிட்டால் அருகிலுள்ள பலசரக்குக் கடையில் நிறுத்துப் பார்க்கலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பையின் வெளித்தோற்றத்தைப் பார்க்க முன்னர் பட்டிகளைப் பார்க்க வேண்டும். பட்டி குறைந்தது மூன்று விரல் அகலம், உள்ளே பஞ்சு அல்லது ஸ்பொஞ்ச். விரலால் அழுத்தினால் உடனே தட்டையாகிவிடும் பட்டி ஒரு மாதத்தில் கயிறு மாதிரி ஆகிவிடும்.

பட்டி பையோடு சேரும் இடத்தில் தையல் பெட்டி வடிவில், நடுவே குறுக்குக் கோடுகளோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வரித் தையல் என்றால் அங்கேதான் முதலில் கிழியும். பிடித்த பையில் அந்தத் தையல் மட்டும் பலவீனம் என்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போடலாம். சிறு செலவுதான்.

நெஞ்சுக்குக் குறுக்கே இணைக்கும் சிறு பட்டி இருந்தால் நல்லது. ஓடும்போது இரண்டு பட்டிகளும் தோளிலிருந்து நழுவாது. இல்லாவிட்டால் ஒரு துண்டு நாடாவால் முன்பக்கம் கட்டிக்கொள்ளலாம்.

ஸிப் பெரிய பற்கள் கொண்டதாக இருக்கட்டும். பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். மூலையில் ஒரு தடவையாவது சிக்கினால் அந்தப் பை வேண்டாம். துணி நைலோன் அல்லது பொலியெஸ்டர். கன்வஸ் உறுதியானது, ஆனால் நனைந்தால் நீரைக் குடித்துப் பாரமாகும்.

போட்டுப் பார்க்கும்போது பையின் அடி இடுப்போடு நிற்க வேண்டும். பிட்டத்தில் இடித்தால் பட்டியைச் சுருக்க வேண்டும். பாரமான பொருட்கள் முதுகை ஒட்டி நடுப்பகுதியில் வரட்டும். உடுப்பு வெளிப்பக்கம். இந்த ஒரு மாற்றத்தாலேயே அதே பாரம் பாதியாகத் தெரியும்.

கறுப்புப் பையைவிட சிவப்பு, மஞ்சள் போன்ற நிறம் நல்லது. இருட்டிலும் கூட்டத்திலும் பிள்ளையைப் பின்தொடர உதவும்.

நனையாமல் காப்பது

கடையில் "வோட்டர் புரூப்" என்று சொல்லி விற்கப்படும் பைகளில் பெரும்பாலானவை தூறலைத் தாங்குபவை. துணி தாங்கினாலும் தையல் துளைகள் வழியாகவும் ஸிப் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். பையை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பதைத் தனித்தனியாகக் காப்பாற்றுங்கள்.

ஆவணங்களுக்கு அழுத்தி மூடும் தடித்த பொலித்தீன் உறை இரண்டு. ஒன்றை மற்றதற்குள் தலைகீழாகப் போட வேண்டும். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். உடுப்புகளுக்குப் பெரிய தடித்த பொலித்தீன் பை. வாயை முறுக்கி, மடித்து, இறப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டினால் போதும். மீன்பிடிக்குப் போகிறவர்கள் தொலைபேசியையும் தீப்பெட்டியையும் எப்படிச் சுற்றிக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களைவிட நல்ல ஆசிரியர்கள் இதற்கு இல்லை.

பரீட்சித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. உறைக்குள் ஒரு பழைய பத்திரிகைத் துண்டை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். பத்திரிகை நனையாவிட்டால் உங்கள் காணி உறுதியும் நனையாது.

ஆவணங்கள்: பையின் உயிர்

உணவையும் உடுப்பையும் யாராவது தருவார்கள். 2004 இல் நமது ஊர்களுக்கு லொறி லொறியாக உடுப்பு வந்தது. ஆவணத்தை யாரும் கொண்டுவந்து தரவில்லை. எனவே பையில் முதலிடம் அதற்கே.

அடையாள அட்டை, பிறப்பு மற்றும் விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கடவுச்சீட்டு, பாடசாலைப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை ஆகியவை ஒரே கோவையில் இருக்கட்டும். நிக்காஹ் பதிவின் பிரதியைப் பல குடும்பங்கள் எடுத்து வைப்பதில்லை. கணவனை இழந்த பெண் நட்டஈட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ போகும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

மூலப் பிரதிகளைப் பையில் வைப்பதா, பிரதிகளை வைப்பதா? பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஒரு மேலதிகப் பிரதி எடுத்துப் பையில் வைத்துவிட்டு மூலத்தை அலுமாரியில் வைக்கலாம். நொத்தாரிசு எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உறுதியே தொலைந்தாலும் அந்த மூன்று விபரங்களை வைத்துத் தேடலாம். அவை இல்லாமல் தேடுவது பெரும்பாடு.

எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவர் வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ இருந்தால் அவரிடமும் ஒரு தொகுதி இருக்கட்டும். ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் ராத்தாவிடம் கொடுத்து வைப்பதில் பயனில்லை. வெள்ளம் வந்தால் இரண்டு வீட்டுக்கும் வரும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒரு சொல். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான தாய்மாரின் வீடுகளில் ஒரு கோவை இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் துண்டு, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், ஒரு புகைப்படம். போராட்டத்துக்கும் விசாரணைக்கும் அதே மூலக் கோவையைத்தான் ஒவ்வொரு தடவையும் கொண்டுபோகிறார்கள். பேருந்தில் தவறினாலோ மழையில் நனைந்தாலோ அந்தப் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் சாட்சியமும் போய்விடும். தயவுசெய்து வெளியே கொண்டுபோவதற்குப் பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள். மூலங்கள் நீர் புகாத உறையில் வீட்டுப் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு தாளையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். முத்திரையும் கையொப்பமும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

மருந்தும் மற்றவையும்

அழுத்தம், சீனி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு வார மருந்து. பையில் வைத்தால் காலாவதியாகும் என்பதால் கிளினிக் போய்வரும் ஒவ்வொரு தடவையும் பையில் இருப்பதை எடுத்துப் பாவித்துவிட்டுப் புதியதைப் பையில் வையுங்கள். இன்சுலினைப் பையில் நிரந்தரமாக வைக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் "பையோடு எடு" என்று ஒரு தாளை ஒட்டி வைக்கலாம். வெளியே எவ்வளவு காலம் வைக்கலாம் என்பதை உங்கள் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீவனிப் பக்கற்றுகள் இரண்டு, சிறு சவர்க்காரம், பெண்களுக்கான சுகாதார நாப்கின்கள், குழந்தை இருந்தால் பம்பர்ஸ், ஒரு விசில், டோர்ச்சும் தனியாகச் சுற்றிய பற்றரிகளும், பேனை, முக்கிய தொலைபேசி இலக்கங்கள் எழுதிய தாள். தொலைபேசி செத்துவிட்டால் நமக்கு யாருடைய இலக்கமும் மனப்பாடம் இல்லை. கொஞ்சம் பணம், ஆனால் சிறு நோட்டுகளாக. ஐயாயிரம் ரூபாவுக்கு மிச்சம் தர அன்றைய தினம் ஒரு கடையும் இருக்காது.

முஸ்ஹப், தஸ்பீஹ், தொழுகை விரிப்பு வைக்க விரும்புவோர் மெல்லிய சிறியவற்றைத் தெரிவு செய்யலாம். தங்க நகையைப் பையில் வைப்பது நல்லதல்ல. அது இருந்தால் பையை விட மனம் வராது. பையை விட வேண்டிய நேரம் வரலாம்.

பெண்கள், முதியவர்கள், பிள்ளைகள்

அபாயா அணியும் பெண்கள் முதுகுப்பையைப் போட்டுப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். வழுவழுப்பான துணியில் பட்டி நழுவும். நெஞ்சுப் பட்டி இவர்களுக்குத்தான் அதிகம் உதவும். சேலைக்கும் இதே விதிதான். சுனாமியில் பெண்களின் இழப்பு அதிகமாக இருந்ததற்கு நீண்ட உடையில் ஓடவும் நீந்தவும் முடியாமல் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பையோடு சேர்த்து உடையின் கீழ்ப்பகுதியை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடந்து பழகுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதியவருக்கு அவருடைய மருந்தும் கொப்பியும் கண்ணாடியும் உள்ள சிறு தோள்பை. வேறெதுவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சிறு பை கொடுங்கள். ஒரு உடுப்பு, சிறு போத்தல், விசில், ஒரு தாள். அந்தத் தாளில் பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், ஊர், இரண்டு தொலைபேசி இலக்கங்கள். அதைப் பையின் வெளியே எழுதாமல் உட்பக்கம் வையுங்கள். தெரியாத ஒருவர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வழி செய்யக் கூடாது. பெரியவர்களின் பையில் பெயரை எழுதலாம். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் நமது ஊர்களில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பை என்ன பீதியைக் கிளப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். சோதனைச் சாவடியிலோ முகாமிலோ திறந்து காட்ட வேண்டி வந்தாலும், பொருட்கள் கண்ணாடி போன்ற உறைகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தால் எல்லாவற்றையும் நிலத்தில் கொட்ட வேண்டியிருக்காது.

சுற்றுலா நாளே பரீட்சை நாள்

வருடத்துக்கு ஒரு தடவையாவது நாம் குடும்பமாகப் போகிறோம். பாசிக்குடா, நுவரெலியா, கொழும்புப் பக்கத்து நீர்விளையாட்டுப் பூங்காக்கள். வெயிலில் வரிசையில் நிற்கிறோம், பிள்ளைகள் பின்னால் ஓடுகிறோம், நனைகிறோம். ஒரு பையைப் பரீட்சிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அடுத்த பயணத்துக்கு இந்த அவசரப் பையையே கொண்டுபோங்கள். மூல ஆவணங்களை மட்டும் வீட்டில் எடுத்து வையுங்கள். காலையில் போட்ட பை பின்னேரம் ஐந்து மணிக்குத் தோளில் எப்படி இருக்கிறது? பட்டி பதிந்த இடம் சிவந்திருக்கிறதா? தண்ணீர்ப் போத்தலை எடுக்க ஒவ்வொரு தடவையும் முழுப் பையையும் கிளற வேண்டியிருந்ததா? வாரிவிழும் சறுக்குகளிலும் இராட்டினங்களிலும் பையைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். எவ்வளவு வேகமாகக் கழற்றி மறுபடி மாட்ட முடிகிறது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நூறு மீற்றர் வேகமாக நடக்க முடிகிறதா? வீடு திரும்பியதும் எந்தப் பொருளைத் தொடவே இல்லை என்று பாருங்கள். அதில் பாதியை வெளியே எடுங்கள்.

நாங்கள் போன வருடம் இப்படிப் போனோம். உம்மாவின் பையிலிருந்து இரண்டு கிலோ குறைந்தது. அவர் கொண்டுவந்திருந்தது நான்கு துவாய்கள்.

எங்கே வைப்பது, எப்போது விடுவது

ஜப்பானில் வீட்டு வாசலுக்கு அருகில் அவசரப் பை வைத்திருப்பது பல குடும்பங்களின் வழக்கம். செப்டம்பர் முதலாம் திகதி அங்கு அனர்த்தத் தடுப்பு தினம். அன்று பையைத் திறந்து பார்ப்பார்கள். நமக்கும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி போதும். தரையில் வைக்க வேண்டாம், வெள்ளம் முதலில் வருவது அங்கேதான். அலுமாரிக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், பூட்டிய அறை எதுவும் வேண்டாம். மின்சாரம் இல்லாத இருட்டில் வீட்டில் உள்ள சிறுவர்கூடக் கை நீட்டினால் எட்ட வேண்டும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான விடயம். பை கையில் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் ஓடுங்கள். கடல் உள்வாங்குவதைக் கண்டால், கோபுரத்திலோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலோ எச்சரிக்கை கேட்டால், வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுக்கும் எந்தப் பொருளும் உலகத்தில் இல்லை. சுனாமி என்பது ஒரு அலை அல்ல. 2004 இல் முதல் அலை வடிந்ததும் பொருட்களை எடுக்கத் திரும்பிப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. ஆபத்து நீங்கியது என்று உத்தியோகபூர்வமாக அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஓடும்போது பை தடையாக இருந்தால் உதறிவிடுங்கள். எங்கள் உம்மா அன்று செய்த சரியான காரியம் அதுதான். அவர் விட்டது பையை, தூக்கியது தங்கச்சியை.

இலங்கையில் டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம். காலை 9.25 முதல் 9.27 வரை இரண்டு நிமிடம் மௌனம் கடைப்பிடிக்கிறோம். கபுறடிக்கும் நினைவுத்தூபிக்கும் போய் வருகிறோம். இவ்வருடம் வீடு திரும்பியதும் கதவடியில் உள்ள பையை இறக்குங்கள். மருந்தின் திகதியைப் பாருங்கள். பற்றரியை மாற்றுங்கள். பிள்ளை வளர்ந்திருப்பான், உடுப்பை மாற்றுங்கள். தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் திருத்தி எழுதுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. பிறகு மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.